கால் முந்திப் பிறந்தவளின் சுளுக்கு

நான் பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கும் முதுகுப் பிடிப்பும் விட்டுவிடும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்குப் பிடித்துக்கொண்டாலும் என் வாசலில்தான் வந்து படுப்பார்கள். வலது காலால் மூன்று முறை நீவி அனுப்புவேன்.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் இஞ்சிக் கிடங்குப் படியில் வழுக்கி அந்தக் கால்தான் மடங்கியது. கணுக்கால் பன் போல உப்பிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, மூன்று வாரம் ஊன்றக் கூடாது என்றார். ஊன்றாமல் சோறு பொங்குவது எப்படி, அவரா வந்து வடிப்பார்? ஒன்றரை மாதமாகியும் வீக்கம் வடியவில்லை. எனக்கு நீவிவிட, கால் முந்திப் பிறந்தவர் இங்கே வேறு யாருமில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் யாரும் வரவில்லை.

நேற்று பக்கத்து வீட்டுக்காரி முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் கட்டைப் பார்த்தாள்.

"மத்த கால் சுகமாத்தானே இருக்கு, சேச்சி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அவள் குப்புறப் படுத்துவிட்டாள். சுவரைப் பிடித்து எழுந்தேன். நல்ல காலைத் தூக்க வேண்டுமென்றால் வீங்கிய காலில்தான் நிற்க வேண்டும். மூன்று முறை நீவி முடிக்கும்வரை நின்றேன்.