உண்டியலில் வரைந்த மூக்கு

பாண்டிச்சேரிப் பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் நான். அப்பட்டமான பொய். வாத்தியாரும் இல்லை, காசும் சேர்த்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது. மில்லில் வேலை. சம்பளத்தில் பாதி டீக்கடைப் பாக்கிக்கே போய்விடும்.

எழுபதுகளின் கடைசியில், அதே டீக்கடையில் நான் அடித்த கூத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் கூப்பிட்டார்.

"சேமிப்புன்னு நாங்க ஆரம்பிச்சாலே பசங்க தூங்கிடுதுங்க. நீ சொன்னா சிரிச்சிக்கிட்டாவது கேக்கும்."

"சார், என் பையில ஓட்டைதான் இருக்கு."

"அத அவங்ககிட்ட காட்டாத."

சனிக்கிழமைதோறும் காசு வாங்காமல் சும்மாவே போனேன். எனக்குத் தெரிந்த ஒரே பாடம் மில்லில் கேட்டது: சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை எடுத்து வை, அப்புறம் தொடாதே. நான் கடைப்பிடிக்காத பாடம், அதனால் ரொம்பக் கண்டிப்பாகச் சொன்னேன். ஆளுக்கொரு மண் உண்டியல் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் என் முகத்தை வரைந்தேன். மூக்கு மட்டும் கத்தரிக்காய் அளவுக்கு.

"முழுப்பரீட்சைக்கு முன்னாடி எவனாவது ஒடைச்சீங்க, ஒடையிறது என் மூக்கு!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. முதல் வரிசையில் இருந்த வைத்திக்குப்பத்துப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஏழாவது படித்தாள். அம்மா மீன் விற்பவள்.

"நெஜமாவா மாமா?"

"நெஜமாத்தான்" என்றேன், மூக்கைத் தொட்டு.

ஐப்பசி மழையில் மூன்று சனிக்கிழமை அவளைக் காணவில்லை. தேடிப் போனேன். வீட்டு வாசலில் அம்மா மீன்கூடை கழுவிக்கொண்டிருந்தாள்.

"வா வாத்தியாரே. பன்னண்டு நாளு கட்டுமரம் எறங்கல. அரிசிக்கு வட்டிக்கு வாங்குனேன். இவ உண்டியல எங்கியோ ஒளிச்சி வெச்சிக்கிட்டு வாயே தொறக்கல. இப்ப வட்டி கட்டணும்னா இவளும் எங்கூட மீன்கூட தூக்கணும். பள்ளிக்கூடம் நின்னுபோச்சி."

"நாந்தான்கா தொடக் கூடாதுன்னேன்..."

"மில்லுல மாசாமாசம் குடுக்குறான். கடலு மாசச் சம்பளமா குடுக்குது? மரம் எறங்காத நாளுக்குன்னுதானே நாங்க சேக்கறதே. இதுகூடவா தெரியாது?"

தெரியாது. பிறந்ததிலிருந்து இந்த ஊர் மீனைத் தின்றவன், எனக்குத் தெரியாது.

அதற்குள் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்த பெண் உள்ளே ஓடி உண்டியலை எடுத்து வந்தாள்.

"ஒடைக்கல மாமா. ஒங்க மூக்கு அப்பிடியே இருக்கு பாருங்க."

அதை அங்கேயே தரையில் போட்டு உடைத்து, மாமா சொன்னது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். கடனில் பாதியாவது அடைந்திருக்கும். திங்கட்கிழமை அவள் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். நான் என்ன செய்தேன்? என் மூக்கைத் தடவிப் பார்த்து, "அப்பாடா, பொழைச்சேன்" என்றேன். அன்றுதான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பே போதும் என்று நடையைக் கட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவளும் பள்ளிக்கூடம் போகவில்லை, நானும் போகவில்லை.

பத்து வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவது அவள்தான். நான் பேரம் பேசுவதில்லை. தாராளம் என்று நினைக்கிறாள். அந்த உண்டியலை எப்போது உடைத்தாய் என்று ஒரு நாளாவது கேட்டு, அப்படியே தப்பு என்கிற அந்த ஒரு வார்த்தையையும்...

"இன்னாங்க, எழுதுனது போதும், எழுந்து வாங்க!" வாசலிலிருந்து என் மனைவி. "மீன் வந்திருக்கு. கூடைய எறக்க ஒரு கை குடுங்க."

"சீக்கிரம் வா மாமா, கழுத்து வலிக்குது!"