எட்டுக்காலுக்கு அடித்த மருந்து

2007 டைரியில் அந்த வெள்ளிக்கிழமைக்கு எதிரே ஒரே வரிதான் இருக்கிறது: ‘மாடு 4.10-க்கு விழுந்தது.’

அப்போது பெங்களூருக்குப் பக்கத்தில், ஜூஜுவாடியில் குடியிருந்தேன். எதையும் தேதி போட்டு எழுதி வைப்பவன் என்று கேள்விப்பட்டு, பெங்களூரில் உண்ணிகளை ஆராயும் ஒரு அம்மையார் என்னிடம் சின்னப் புட்டிகள் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டுச் சினைமாட்டின் மடியிலும் காதிலும் உண்ணி பிடுங்கி, நாளும் இடமும் எழுதி அனுப்புவேன்.

வியாழன் காலையில் அவர் போன் செய்தார். அந்த உண்ணிகளில் ஒரு புது வைரஸ் கிடைத்திருக்கிறதாம். தெரிந்த எதனோடும் முழுதாகப் பொருந்தவில்லை. மாட்டுக்கு ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. உண்ணியின் முட்டை வழியாகவே தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கலாம். நோய் தரும் வைரஸ்களுக்கு இது பழைய பங்காளியாக இருக்கக்கூடும் என்றார்.

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது மாட்டுக்காரர் வந்தார். ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலில் பூச்சிமருந்து அடிப்பவர். எனக்கு வாய் நிற்கவில்லை.

“உங்க மாட்டு உண்ணியில புது வைரஸ் இருக்குதாம்!”

“வைரஸ்னா, எய்ட்ஸ் மாதிரியா சார்?”

பஸ் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஏறிவிட்டேன். மாட்டுக்கு ஆபத்தில்லை என்ற மீதிச் செய்தியைச் சொல்லவில்லை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து இறங்கியபோது தெருவெல்லாம் மருந்து நெடி. மாடு நனைந்த உடம்போடு, வாயில் நுரை தள்ள, சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தது. ஒரு கொம்பு ஒடிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. பிறகு முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. கால்கள் தரையை உதைத்து உதைத்து ஓய்ந்தன. வயிற்றுக்குள் கன்று இன்னும் கொஞ்ச நேரம் புரண்டது.

அவர் மனைவி வாளியால் அவர் முதுகில் அறைந்தாள். “பாவி, வயித்துல கன்னு இருந்துச்சேய்யா!”

அவர் தடுக்கவில்லை. “ரோஜாவுல செஞ்சிலந்திக்கு அடிக்கிறதுதான் சார். அதுக்கும் எட்டுக்காலு, இதுக்கும் எட்டுக்காலு. கேக்கும்னு நெனச்சேன்.”

அவர் நினைத்தது சரி. அவை இரண்டும் உறவுதான். ஆனால் அந்த விஷம் தாக்கும் நரம்பு இயக்கம் உண்ணிக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் பொது. அதைப் பிறகுதான் படித்தேன்.

“நீங்கதானேண்ணா வைரஸ்னு சொன்னீங்க?” என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றதுக்குள்ள பஸ் வந்துடுச்சும்மா.”

வாளி என் நெற்றியில் பட்டது.

மருந்து படாத காது மடிப்பிலிருந்து உண்ணிகள் உயிரோடு இறங்கிவந்தன. பழக்கத்தில் என் கை பையிலிருந்த புட்டியை எடுத்தது. அவள் அதைத் தட்டிவிட்டு, ஒரு கல்லை எடுத்து, ஒவ்வொன்றாக நசுக்கினாள். தெறித்ததெல்லாம் மாட்டின் ரத்தம்.