கூரையில் பச்சை படாமல்

அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எந்தக் காரியத்துக்கும் ஒரு முறை உண்டு என்ற நம்பிக்கை ரத்தத்தில் ஊறிவிடும். பென்ஷன் வாங்கத் தொடங்கி எவ்வளவோ காலமாகியும் எனக்கு அது வடியவில்லை. நாடு சுதந்திரம் பெற்ற வருடத்தில் அது உச்சத்தில் இருந்தது. இல்லையென்றால் பெண் கேட்டுப் போன வீட்டுக்கு மரத்தால் செய்த பொம்மைக் காரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேனா?

பெண் வீடு எங்கள் ஊரின் காஜா பேராங் பகுதியில். என் வாடகை அறை அதே ஊரில் தெங்கேராவில். பெண்ணுக்குச் சம்மதம். அவள் அப்பா ரோட்டு வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் "பாக்கலாம்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவர் வாய் திறந்து பாராட்டும் ஒரே பொருள் வாசலில் நின்ற அவருடைய கார்தான். பச்சை உடம்பு, வெண்ணெய் நிறக் கூரை. அதன் மாதிரியை உள்ளங்கை அளவில் செதுக்கிக் கொடுத்தால் மனம் இளகும் என்று கணக்குப் போட்டேன்.

செதுக்குவதில் சிக்கல் இல்லை. சாயம் அடிப்பதற்கு, என் அறைக்குப் பக்கத்துப் படக்கடைக்காரர் புகைப்படங்களுக்கு வண்ணம் தீட்டும் பேனா போன்ற ஸ்பிரேயை ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் தந்தார். காற்றுக்கு, லாரி டியூப் ஒன்றை அடித்து நிரப்பி இணைத்துக்கொண்டேன். முதலில் முழுவதும் வெண்ணெய் நிறம். அது காய்ந்தபின் கூரையை எதனாலாவது மூடிவிட்டுப் பச்சை அடிக்க வேண்டும். அந்த 'எதனாலாவது' என்பதில்தான் என் படிப்பு வேலை செய்தது.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ரப்பர் பால் பூசினால் காய்ந்து தோலாகும், பிறகு உரித்துவிடலாம் என்று கண்டுபிடித்தேன். அதுவரை சரி. காயும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாததால், ரப்பர் கொட்டகையில் பாலை உறைய வைக்க ஊற்றும் அசிட்டைக் கொஞ்சம் மேலே தடவினேன். முறைப்படி உறைந்தது. உறைந்தது சுருங்கும் என்பதும் முறைதான். தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பச்சை அடித்தபோது மட்டும் ஞாபகம் வரவில்லை. ஓரமெல்லாம் பச்சை உள்ளே புகுந்தது. உரித்தபோது கூரையின் பாதிச் சாயமும் கூடவே வந்தது.

அதையும் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கார் அவர் வாயில் எப்போதும் 'காடி'தான்.

"தம்பி, என் காடிக்குச் சொறி புடிச்சிருக்கா?"

ரப்பர் பாலின் குணங்களை விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஒரு துண்டுப் பலகையில அடிச்சுப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.

"ரோட்டுக்குத் தார் ஊத்தறவன்கூட ஓரமா கொஞ்சம் ஊத்திப் பாப்பான். நீங்க நேரா கூரையிலயே எறங்கிட்டீங்க. கல்யாணத்தையும் இப்படித்தான் செய்வீங்களா?"

அதோடு கதை முடிந்தது என்று எழுந்தேன். அவரோ அடுத்த ஞாயிறு ஸ்பிரேயையும் டியூபையும் இங்கேயே கொண்டுவரச் சொன்னார்.

அப்படித்தான் அந்த வீட்டு வாசலில் எங்கள் ஆராய்ச்சி தொடங்கியது. மரவள்ளிமாவுப் பசையில் ஒட்டிய செய்தித்தாள் ஈரத்தில் நெளிந்து பச்சையை உள்ளே விட்டது. மருந்துக்கடைப் பிளாஸ்திரி கூரையைச் சுத்தமாக உரித்தெடுத்தது. செலோபேன் டேப் நேர்க்கோட்டில் சாது, வளைவில் மடிந்துகொண்டது. ஒவ்வொரு தோல்விக்கும் நான் காரணம் சொன்னேன். அவர் அந்தக் காரணத்துக்கு ஒரு குறை சொன்னார். கடைசியில் கார்ப் பட்டறைகளில் ஒட்டும் காகித டேப் கிடைத்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பிளேடால் நூல்போலக் கீறி, பசை கொஞ்சம் தளர்ந்தபின் வளைவோடு வளைவாக ஒட்டினோம். நடுவில் செய்தித்தாள். முதலில் துண்டுப் பலகையில், அது தேறியபின் கூரையில். பச்சையை மெல்லிய பனிபோலப் பலமுறை அடித்தேன்.

டேப்பை அவரே உரித்தார். கோடு கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. நான் அவர் வாயைப் பார்த்தேன்.

"கூரை சரி," என்றார். "கதவுக் கைப்பிடி எங்க?"

தேநீர் கொண்டுவந்த பெண் தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"ஏம்ப்பா, எனக்கு மாப்பிள்ள பாக்கறீங்களா, காடிக்கு ஃபோர்மன் பாக்கறீங்களா?"

அவர் தேநீரை ஊதிக் குடித்தார்.

"ரெண்டும்தான் லா. தைப்பூசம் முடியட்டும், நாள் பாப்போம்," என்றவர் என் பக்கம் திரும்பி, "கைப்பிடி அதுக்குள்ள வந்திரணும்," என்றார்.

அந்த நேரத்தில் மணப்பெண்ணின் முகத்தைப் பார்ப்பதுதான் உலக வழக்கம். நானோ கைப்பிடிக்குச் செம்புக் கம்பி நல்லதா ஈயம் நல்லதா என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக்காட்டத் தவறுவதில்லை.