உப்புப் பார்ப்பது சாப்பாடா?

நான் சிறுமியாக இருந்த காலத்தில், பகல் பன்னிரண்டு மணிக்குத் துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு சங்கு ஊதும். நீண்டு, தாழ்ந்து, கடைசியில் களைத்துப்போய் நிற்கும் ஓசை. அது அடங்குவதற்குள் எங்கள் ஒழுங்கையிலுள்ள எல்லா வீடுகளிலும் சோற்றுப் பானைகளின் மூடிகள் திறபடும். அலுமினிய மூடிக்கு ஒரு சுருதி, மண் மூடிக்கு இன்னொரு சுருதி. பசிக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. சங்கு ஊதினால் பசி.

இப்போது அந்தச் சங்கு ஊதுவதில்லை. அதன் வேலையை நான் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்ற என்னைத் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் டொக்டர் அம்மா கூப்பிட்டு, மருந்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் தந்தார். உடம்பு குறைவதற்காகக் கொழும்புக்குப் போய் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் என்னிடம் வருவார்கள். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று சொல்வதுதான் என் தொழில். சாப்பிட்டதை மறைக்கிறவர்களோடும் சாப்பிட மறக்கிறவர்களோடும் ஒரே காலைப்பொழுதில் சண்டை பிடிக்கிற தொழில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டு, பிறகு இடுப்புப் பட்டியைத் தளர்த்துகிற என் சகபாடிகளே, நீங்கள் சிரிக்க வேண்டாம். வெட்டுப்பட்டது அவர்களுடைய இரைப்பை மட்டும்தான். நாக்கு உங்களுடையதையும் என்னுடையதையும் போல முழுசாகவே இருக்கிறது.

திரவ உணவு

அருள்நாயகம் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவர். சத்திரசிகிச்சை முடிந்து முதல் இரண்டு கிழமைக்குத் திரவ உணவு மட்டும்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். வடித்த சூப், கஞ்சித் தண்ணீர், ஆடை எடுத்த பால். பத்தாம் நாள் மனைவியோடு வந்தார். மற்றவர்கள் அந்த நாட்களில் உலர்ந்த வெற்றிலை மாதிரி வருவார்கள். இவர் முகத்திலோ ஒரு பெருநாள் வெளிச்சம்.

“நேற்று இரவு என்ன குடித்தீர்கள்?” என்றேன். அவர் கூரையைப் பார்த்தார். மனைவி சொன்னார்: “கோழிக் கொத்து, ரீச்சர். எனக்கு வாசம் வருது, ரோட்டில ஆரோ கொத்துப் போடுறாங்கள் எண்டு நினைச்சன். பார்த்தா குசினிக்குள்ள மனுசன் கொத்துரொட்டியை மிக்ஸியில போட்டு, சுடுதண்ணி விட்டு அடிச்சுக்கொண்டு நிக்கிறார்!”

டொக்டர் அம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இந்த முறை தப்பிவிட்டார் என்று சொன்னார். நான் என் தாளை எடுத்து, திரவம் என்றால் என்னவென்று சிவப்பு மையால் மறுபடி எழுதத் தொடங்கினேன். அருள்நாயகம் கையைத் தூக்கித் தடுத்தார். “எழுத வேண்டாம் ரீச்சர், எனக்கு விளங்கீற்றுது. பல்லால சப்பாமல் குடிச்சா அது கொத்தே இல்லை.”

தண்ணீர்ப் பங்கீடு

ஜெசீமா கிண்ணியாவில் கலியாணச் சமையல் செய்பவள். நாற்பத்தைந்து வயது. அவள் உள்ளே வந்தால் அறைக்குள் நெய்யும் ஏலமும் சேர்ந்து வரும். அவளோடு எப்போதும் தம்பி நிஸ்தார் வருவான். மெலிந்த ஆள், இடது முழங்கையின் உட்பக்கத்தில் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கும். அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. கிழமையில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கிற ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு கட்டிப் போடுகிறார்கள். வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் அவன் ராத்தா என்று கூப்பிடும் அக்காவின் சிறுநீரகம் ஒன்றுதான் அவனுக்குப் பொருந்தியது. ஆனால் இந்தப் பருமனோடு அவளை மேசையில் கிடத்த மாட்டோம் என்று பெரிய டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அதனால் அவள் முதலில் தன் இரைப்பையை வெட்டுவித்தாள். என்னிடம் வந்தபோது இன்னும் பதினெட்டுக் கிலோ குறைய வேண்டியிருந்தது. குறைந்தால் தம்பிக்குச் சிறுநீரகம். குறையாவிட்டால் இயந்திரம், அது தாங்கும் மட்டும்.

முதல் நாள் நான் அவளுக்குத் தண்ணீர் பற்றிச் சொன்னேன். நாளுக்கு இரண்டு லீட்டர், ஆனால் மடமடவென்று குடிக்கக் கூடாது. குருவி மாதிரி மிடறு மிடறாக, சாப்பாட்டோடு சேர்க்காமல். “ஏலாது ரீச்சர், குடிச்சுக் குடிச்சு வாய் வலிக்குது” என்று அவள் முறையிட்டாள். நிஸ்தாருக்கோ நாள் முழுவதற்கும் அரை லீட்டர்தான் அனுமதி. அவன் ராத்தாவின் மடியிலிருந்த போத்தலை ஒரு பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கண்டீங்களா ரீச்சர்,” என்றான், “குடிக்க ஆசைப்படுறவனுக்குக் குடிக்க ஏலாது, குடிக்க மாட்டன் எண்டு அழுறவ குடிச்சே ஆகணும். எங்கட வாப்பா காணியையும் இப்பிடித்தான் பங்கு வெச்சார்.”

ஆறில் ஒன்று

என் ஆயுதம் ஒரு சோசர். தேத்தண்ணீர்க் கோப்பைக்குக் கீழே வைப்போமே, அதுதான். அதற்குள் அடங்குவதுதான் ஒரு நேரச் சாப்பாடு. முதலில் மீனோ முட்டையோ பருப்போ, பிறகு மரக்கறி, கடைசியில் இடம் இருந்தால் சோறு. ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். ஜெசீமா நீலக்கரை போட்ட சோசர் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து காட்டி, பிஸ்மி சொல்லித் தொடங்கினாள்.

ஒரு மாதத்தில் அவளுடைய மச்சாள் வீட்டுக் கலியாணம் வந்தது. கலியாண வீட்டில் சகன் வைப்பார்கள். பெரிய வட்டத் தட்டு நிறையச் சோறு, மேலே இறைச்சி; சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஒருவர் கை நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்த வேண்டி வருமே என்று, மரியாதைக்காக எல்லோரும் கடைசி வரை கையைத் தட்டிலேயே வைத்திருப்பார்கள். ஜெசீமாவும் வைத்திருந்தாள். சும்மா வைத்திருக்கிற கை எப்போதாவது சும்மா இருந்ததுண்டா? பக்கத்தில் இருந்த பெண்கள் வேறு நல்ல துண்டுகளாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினார்கள். அன்று பின்னேரம் முழுவதும் அவள் கிணற்றடியில் ஓங்காளித்துச் சத்தியெடுத்தாளாம்.

“எவ்வளவு சாப்பிட்டீர்கள்?” என்று பேனையோடு கேட்டேன். அவள் வெட்கப்பட்டாள், யோசித்தாள், விரல் மடித்தாள். “சகன் எண்டா எப்பிடி ரீச்சர் சொல்ற? ஆறு பேர் இருந்த. ஆறில ஒண்டு எண்டு போடுங்க.”

அடுத்த கலியாணத்துக்குச் சோசரையும் கொண்டு போகச் சொன்னேன். சகனின் விளிம்பில் அதை வைத்து, தன் பங்கை முதலிலேயே அதற்குள் எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் முடிக்கும் வரை அதிலேயே மெதுவாகச் சாப்பிட வேண்டும். அவள் அப்படியே செய்தாள். வந்து சொன்னாள்: “சகனுக்குக் குட்டி பொறந்திருக்கு எண்டு பொம்புளையெல்லாம் சிரிச்ச ரீச்சர். சிரிச்சிட்டு மறுகா ரெண்டு பேர் அவங்களுக்கும் சோசர் கேட்ட.”

கதிரைக்கு இந்தப் பக்கம்

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் இப்போது நான் மட்டும்தான். மூடி திறக்கும் சத்தத்தைக் கேட்க இன்னொருவர் இல்லாத வீட்டில் சமைப்பது, யாரும் வாசிக்காத கடிதம் எழுதுவது போன்றது. பன்னிரண்டு மணிக்குக் குசினியில் நின்றபடியே இரண்டு கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் நனைத்துத் தின்றுவிடுவேன். மருத்துவ நிலையத்திலும் அதே கதைதான். ஒருநாள் மத்தியானம் ஜெசீமா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது என் வாய்க்குள் முழு பிஸ்கட் இருந்தது.

அவள் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என்னுடைய சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டாள். “புரதம் எங்க? மரக்கறி எங்க? இருந்து சாப்பிட்டீங்களா, நிண்டு சாப்பிட்டீங்களா? சொல்லுங்க ரீச்சர், உங்கட வயித்தை எந்த ஆஸ்பத்திரியில வெட்டின?”

தராசு முள்

ஜெசீமாவுக்குப் பன்னிரண்டு கிலோ நல்லபடியாகக் குறைந்தது. பிறகு தராசு முள் நின்றுவிட்டது. ஐந்து கிழமையாக ஒரே கோட்டில் நின்றது. பெரிய டொக்டர்மாரைப் பார்க்க இரண்டே மாதம் இருந்தது. நிஸ்தார் அவளுக்காக எழுதும் சாப்பாட்டுக் கணக்குக் கொப்பியை வரிவரியாகப் பார்த்தேன். சோசர் தவறவில்லை, நடை தவறவில்லை, சீனி இல்லை, சோடா இல்லை. அந்தக் கிழமை நிஸ்தாருடைய முகம் வீங்கியிருந்தது. படிகளில் ஏற அவனுக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் கோபம் வந்தது. “தம்பியைப் பார்த்தாவது உண்மையைச் சொல்லுங்கள்” என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி, பாலம் கடந்து, அவள் சமைத்துக்கொண்டிருந்த கலியாண வீட்டுக்கே போனேன், மன்னிப்புக் கேட்க. கொல்லையில் எட்டு அடுப்பு, எட்டுப் பெரிய கிடாரம். ஜெசீமா நெருப்புக்கு நடுவே ஒரு கப்பல் தலைவி மாதிரி நின்றாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். கோபத்தை அடுப்பில் போட்டுவிட்டிருந்தாள். கதைத்துக்கொண்டே ஒரு கிடாரத்தில் அகப்பையை விட்டு, உள்ளங்கையில் குழம்பை ஊற்றி நக்கினாள். “உப்புக் காணாது.” அடுத்த கிடாரம். “காணும்.” நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கோழி, கத்தரிக்காய்ப் பாகு, வட்டிலப்பத்துக்குக் கரைத்த தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். பிறகு மீண்டும் முதல் கிடாரம். நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். பதினொரு மணிக்குள் இருபத்து மூன்று தரம்.

சொன்னேன். அவளுக்கு உண்மையாகவே அதிர்ச்சி. “உப்புப் பார்க்கிறது சாப்பாடா, ரீச்சர்?” என்று கேட்டாள். இருபது வருடமாக அந்தக் கை தானாகப் போய்த் தானாக வருகிறது. கொப்பியில் அது எப்படி ஏறும்? உப்புப் பார்க்காத சமையல்காரி யாருக்குத் தேவை? தொழிலை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் படிப்பில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

வாங்கில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்த நிஸ்தார்தான் தலையைத் தூக்கினான். “நோன்பு மாசத்துல ராத்தா நாக்கு நுனியில வெச்சுப் பார்த்திட்டுத் துப்பித்தானே போடுவா? முப்பது நாளும் ஒருக்காவாவது கறியில உப்புப் பிழைச்சிருக்கா?”

அகப்பை அந்தரத்தில் நின்றது. ஜெசீமா தம்பியைப் பார்த்தாள், பிறகு எட்டுக் கிடாரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழம்பை நாக்கு நுனியில் தொட்டாள், திரும்பிச் சாம்பலில் துப்பினாள், வாய் கொப்பளித்தாள். “அப்ப எனக்கு இனி அடுப்படியில வருசம் முழுக்க நோன்பு, ரீச்சர். உங்கட ரெண்டு லீட்டர் தண்ணி மட்டும் அந்த நோன்ப முறிக்காது.”

முழு கிளாஸ்

முள் அசைந்தது. முதலில் அரைக் கிலோ, பிறகு ஒன்று, பிறகு ஒவ்வொரு கிழமையும். கடைசிக் கிலோ குறைந்த அன்று மருந்துக் கவுண்டரில் இருந்த பிள்ளையும் வந்து தராசைக் குனிந்து பார்த்தாள். டொக்டர் அம்மா பெரிய டொக்டர்மாருக்குக் கடிதம் எழுதினார். அக்காவும் தம்பியும் ஒரே வேனில் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள்.

சத்திரசிகிச்சை நாள் பன்னிரண்டு மணிக்கு, எங்கிருந்தும் சங்கு ஊதவில்லை. ஆனாலும் எனக்குக் கேட்டது. அன்று ஒரு சுண்டு அரிசி போட்டு, கீரை கடைந்து, சூடை மீன் குழம்பு வைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்துதான் சாப்பிட்டேன். சில நாள் கழித்து ஜெசீமா ஆஸ்பத்திரி வோட்டில் இருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் மெலிந்திருந்தது, சிரிப்பு மெலியவில்லை. “நிஸ்தார் இண்டைக்கு ஒரு முழு கிளாஸ் தண்ணி குடிச்ச ரீச்சர். ஒரே மூச்சுல. பார்த்திட்டிருந்த எனக்குத் தாகம் தீர்ந்திட்டு.”

ஆறு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். ஜெசீமா ஒரு கதிரையில் அமர்ந்து, அதில் கொஞ்சம் இடமும் மிச்சம் வைத்தாள். நிஸ்தாரை எனக்கு அடையாளம் மட்டுக்கட்ட முடியவில்லை. கன்னம் உருண்டு, சேட்டுப் பொத்தான் வயிற்றில் இழுபட்டுக்கொண்டு நின்றது. புதுச் சிறுநீரகத்துக்காகக் கொடுக்கிற மருந்துகளுக்குப் பசி கூடும். டொக்டர் அம்மா அவனையும் என் மேசைக்கு அனுப்பியிருந்தார். “என்ன இது?” என்றேன்.

“நான் என்ன செய்ற ரீச்சர்,” என்றான் அவன், ராத்தாவைக் கண்ணால் காட்டி, “உள்ளுக்கு இருக்கிறது அவட கிட்னி. அது கலியாண வீட்டுச் சாப்பாடு கேக்குது.”

ஒருவருடைய வயிற்றைக் குறைத்து முடிப்பதற்குள் இன்னொருவருடைய வயிறு வந்து கதிரையில் உட்காருவதுதான் என் தொழில்: நீலக்கரைச் சோசரில் இப்போது நிஸ்தார் சாப்பிடுகிறான்.