சாந்தினி அடித்துத் திருத்திய சொல்

கோத்தா திங்கியில் ஆறு கரை மீறினால், சாந்தினி குமாஸ்தாவாக இருக்கும் தமிழ்ப்பள்ளியின் மண்டபம் முகாமாகிவிடும். மேசை நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டுப் பாய் விரிப்பார்கள். வருகிறவர்களின் பெயரை எழுதுவது சாந்தினியின் வேலை. யாரும் அவளிடம் அதை ஒப்படைக்கவில்லை. பேனாவும் பொறுமையும் அவளிடம்தான் இருந்தன.

அப்படி ஒரு வெள்ளத்தின்போதுதான் ரூபேந்திரன் வந்தான். லாயாங் லாயாங் என்ற ஊரைச் சேர்ந்தவன். சிங்கப்பூரில் மென்பொருள் எழுதும் வேலை. லீவு போட்டுவிட்டு அரிசி மூட்டைகளோடு லோரியில் ஏறி வந்திருந்தான். சாந்தினி மூன்று நோட்டுப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, மடிக்கணினியோடு பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மொதல்ல ஐசி நம்பர் கேட்கலாம்க்கா. அப்புறம் பேரு.”

“ஐசி தண்ணியில போயிருக்கும். மொதல்ல என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு கேளுங்க” என்றாள் சாந்தினி. முதல் நாள் ஒரு மலாய்ப் பெரியவர், அடையாள அட்டையான ஐசியின் நம்பரைச் சொல்ல வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்திருந்தார். அவருடைய இன்சுலின் வீட்டோடு போய்விட்டது. அதைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றே நாளில் அவன் ஒரு சிறிய பதிவு மென்பொருளை எழுதி முடித்தான். ஓலைக்கூரையை நினைத்து ‘அத்தாப்பு’ என்று பெயர் வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டான். அதில் வரும் கேள்விகள், விளக்கங்கள் எல்லாவற்றையும் அடுத்து வந்த மாதங்களில் சாந்தினிதான் மலாயிலும் தமிழிலும் எழுதினாள். பங்களித்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. கணவர் சதாசிவத்திடம் காட்டியபோது, “எழுத்துப் பிழை இல்லாம போட்டிருக்காங்க” என்றார். அவர் அளவுக்கு அது பெரிய பாராட்டு.

இலவசமாகக் கொடுப்பதை வைத்து எப்படிப் பிழைக்க முடியும் என்பது அவளுக்கு முதலில் விளங்கவில்லை. ரூபேந்திரன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டுக் கெலாங் பாத்தாவில் ஒரு மோட்டார் கடைக்கு மேல் அறை எடுத்தபோது பயந்தே போனாள். அவன் சொன்ன கணக்கு எளிமையானது. மென்பொருளுக்குக் காசு இல்லை. அதை நிறுவித் தர, ஆட்களைப் பழக்க, கோளாறு வந்தால் ஓடி வந்து பார்க்கத்தான் காசு. நகராட்சிகள் வந்தன, தொழிற்சாலைகள் வந்தன, பிறகு பிலிப்பைன்ஸிலிருந்தும் அழைப்பு வந்தது. இரண்டு பேராகத் தொடங்கிய இடத்தில் இருபத்து நாலு பேர் ஆனார்கள். அவர்களில் ஏழு பேர் தோட்டத்துப் பிள்ளைகள் என்பதில் சாந்தினிக்குத் தனிப் பெருமை.

வளர்ந்ததும் வினையும் வந்தது. வெளிநாட்டுப் பெரிய நிறுவனம் ஒன்று அத்தாப்பை அப்படியே எடுத்து, வேறு பெயர் சூட்டி, தன் சேவைகளோடு சேர்த்து மலிவாக விற்றது. அதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. யாரும் எடுக்கலாம் என்று சொன்னவனே ரூபேந்திரன்தானே. இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் அங்கே போய்விட்டார்கள். அந்த நேரத்தில் சிங்கப்பூர் முதலீட்டாளர் ஒருவர் கைகொடுக்க முன்வந்தார். ஒரே நிபந்தனை, அடுத்த பதிப்பை வேறு யாரும் எடுக்க முடியாதபடி பூட்டிவிட வேண்டும். அதற்கு, அத்தாப்பில் ஒரு வரி எழுதியவர்கள்கூடத் தங்கள் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சாந்தினியிடமிருந்து மட்டும் பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை ரூபேந்திரன் தானே காரை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

“மெயில் கிடைச்சுச்சாக்கா?”

“கிடைச்சுச்சு. பிரிண்ட் எடுத்து ரெண்டு தடவ படிச்சேன்.” தாளைக் கொண்டுவந்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். “இங்க, உரிமைய மாத்தித் தர்றேன்னு போட்டிருக்கு. நான் எழுதினத நீங்க வச்சுக்குங்க, வித்துக்குங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா மாத்திக் குடுத்துட்டா அப்புறம் அது என்னோடது இல்ல. நாளைக்கு இன்னொருத்தருக்கு நான் குடுக்க முடியாது. சரியா?”

“சரிதான்.”

“அப்போ இந்தப் பள்ளிக்கூடம்?”

“பழைய வெர்ஷன் எப்பவும் ஃப்ரீதான். அத யாரும் திருப்பி வாங்க முடியாது. புதுசுதான் மூடியிருக்கும்.” அவள் வைத்த கோப்பியை ஓரமாகத் தள்ளினான். “நானும் இத பிடிச்சு செய்யலக்கா. இருபத்து நாலு பேரு இருக்காங்க லா.”

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. இருபத்தாறு வருடம் அலுவலகக் கடிதங்களோடு புழங்கியவள், ஒரு சொல் எதையெல்லாம் கொண்டுபோகும் என்று அறிந்தவள். பேனாவை எடுத்து, ‘மாற்றித் தருகிறேன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அடித்தாள். மேலே ‘அனுமதி தருகிறேன்’ என்று அதே ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள்.

“இவ்வளவுதான் என்னால முடியும், ரூபன்.”

வழக்கறிஞர் அதை ஏற்கவில்லை. ஒருவருக்காக மாற்றினால் அறுபத்தொரு பேரும் கேட்பார்கள் என்றார். சாந்தினி எழுதியதை முழுக்க நீக்கிவிட்டு வேறு ஆளை வைத்துப் புதிதாக எழுதப்போவதாக ரூபேந்திரனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. முதலீடு நாலு மாதம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

அந்த நாலு மாதமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சொல்லுக்காக இருபத்து நாலு குடும்பத்தைத் தவிக்க விட்டுவிட்டேனோ என்று மனம் குடைந்தது.

“போட்டுக் குடுத்திருந்தா நிம்மதியா இருந்திருப்பியா?” என்று கேட்டார் சதாசிவம்.

“தெரியல.”

“அப்போ எப்படியும் நிம்மதி இல்ல. சாப்பிடு.”

புதிய பதிப்பு வெளிவந்தபோது நிறுவனத்தின் பக்கத்தில் திறந்து பார்த்தாள். அவளுடைய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. தமிழ், அகராதியிலிருந்து இறங்கி வந்ததுபோல் விறைப்பாக நின்றது. ‘தாங்கள் உட்கொள்ளும் மருந்துகளைக் குறிப்பிடவும்.’ ஆனால் அதுதான் முதல் கேள்வியாக இருந்தது. ஐசி எண் ஆறாவதாகத்தான் வந்தது.

அவள் வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொற்களுக்கு உரிமையாளர் உண்டு, அவற்றை எடுக்கலாம், பூட்டலாம். மயங்கி விழுந்த ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை யார் பூட்டிவைக்க முடியும்? இத்தனை நாள் தான் எதைக் காப்பாற்றப் பார்த்தோம் என்று அன்றுதான் அவளுக்கே பிடிபட்டது. அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் மறுபடியும் தண்ணீர் ஏறியது. பள்ளியில் பழைய அத்தாப்பு. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த பெரிய மண்டபத்தில் நிறுவனத்தின் புதியது. கிருஷ்ணம்மா என்ற பெண் இரண்டு பிள்ளைகளோடு பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். அவள் கணவனை வேறு படகில் ஏற்றியிருந்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. அந்த மண்டபத்தின் பட்டியலை இங்கே திறக்க முடியவில்லை. அங்கே ஃபோனை எடுக்கவும் ஆளில்லை. சாந்தினி ஒரு வருடத்துக்குப் பிறகு ரூபேந்திரனை அழைத்தாள்.

“உங்க புதுசும் எங்க பழசும் பேசிக்க மாட்டேங்குது, ரூபன்.”

“எத்தன பேரு காணோம்?”

“இப்போதைக்கு ஒருத்தரு. மழை விடலையே.”

“பேரு சொல்லுங்கக்கா.”

அவனே அங்கிருந்த பட்டியலைத் தேடி, கால் மணி நேரத்தில் திரும்ப அழைத்தான். ஆள் அந்தப் பெரிய மண்டபத்தில்தான் இருந்தார். அன்று மதியத்துக்குள் இன்னும் ஒன்பது பெயர்களை அவள் சொல்ல, அவன் தேடினான். மூன்று பேர் கிடைக்கவில்லை. பிறகு உறவினர் வீடுகளில் இருப்பது தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் ரூபேந்திரன் முதலீட்டாளரோடு இரண்டு வாரம் மல்லுக்கு நின்றான். ஒரு பதிவேடு இன்னொரு பதிவேட்டோடு பெயர்களைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியை மட்டுமாவது எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்றான். முகாமில் ஒருவரை ஒருவர் தேடியது முதலீட்டாளரை அசைக்கவில்லை. வேறு மூன்று நகராட்சிகளும் இதையே கேட்டு எழுதியிருந்ததுதான் அசைத்தது. எப்படியோ கதவு திறந்தது.

நிறுவனத்தில் இப்போது நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். பழைய அத்தாப்பைச் சாந்தினியும், கூச்சிங்கில் ஒருவரும், குளுவாங்கில் ஒரு மருத்துவமனைத் தாதியும் சனிக்கிழமைகளில் பார்த்துக்கொள்கிறார்கள். சிறிய பள்ளிகளும் இரண்டு கோவில் மண்டபங்களும் முஸ்லிம்கள் தொழும் ஒரு சூராவும் அதைத்தான் வைத்திருக்கின்றன. அந்த எண்ணிக்கை கூடுவதில்லை, குறைவதும் இல்லை. சிக்கலான கோளாறு வந்தால் கெலாங் பாத்தாவிலிருந்து யாராவது தங்கள் சொந்த நேரத்தில் சரிசெய்து அனுப்புகிறார்கள். சில சமயம் அனுப்புகிற பெயர் ரூபேந்திரனுடையதாக இருக்கிறது.