மூன்று முறை அளந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, புறநோயாளிகள் வரிசை கட்டி நின்ற நேரத்தில் செய்தி வந்தது: டாக்டர் செலின் காலமானார். எதிர்பார்த்ததுதான். இருந்தும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காரைக்காலில் எங்கள் மருத்துவமனைக்கு எண்பதுகளின் நடுவில் ஸ்கேன் கருவி வந்தது. அதைக் கையாள வந்தவர் செலின். என்னைவிட ஆறு வயது இளையவர். "டிவி பாத்தா வைத்தியம் பண்ணப் போறீங்க?" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

சிறுநீரகம் நாள்பட்டுக் கெட்டால் பெரும்பாலும் சுருங்கும். அதனால் அதன் நீளத்தைப் பார்த்தால், கோளாறு புதிதா பழையதா, மீளுமா மீளாதா என்று ஓரளவு தெரியும். செலின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை அளப்பார். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, மறுபடியும் அளப்பார். ஓரத்துச் சதையின் தடிமனையும் விடமாட்டார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள், வாந்தியும் பேதியுமாகக் கருக்களாச்சேரி மீனவர் அஞ்சப்பனைத் தூக்கி வந்தார்கள். ரத்தத்தில் உப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. ஒரே ஒரு முறை அளந்தேன். எட்டு சென்டிமீட்டர். "கிட்னி சுருங்கிப் போச்சும்மா, இனிமே தேறாது. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்த செலின், உடனே வண்டி அனுப்பி அவரைத் திரும்ப வரவழைத்தார். மூச்சைப் பிடிக்கச் சொன்னதும், விலா எலும்புக்குப் பின்னால் மறைந்திருந்த மேல்முனை கீழே இறங்கித் தெரிந்தது. பத்தரை சென்டிமீட்டர்! சுருங்கவே இல்லை, மீளக்கூடிய கோளாறுதான்.

"கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அளந்துட்டு, உயிரு போயிடும்னு சொல்லிட்டீங்களே சார்!" என்றார், நர்சுகள் எல்லார் முன்னாலும். மூக்குக்கு மேல் கோபம் அவருக்கு. ஒரு வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அஞ்சப்பனோ பத்தே நாளில் எழுந்து நடந்தார். அடுத்த மாதம் ஒரு கூடை மீனோடு வந்து, "டாக்டரம்மா, மூச்ச விட்டுக்கலாமா, இன்னும் புடிச்சிக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்தார்.

சென்ற ஆண்டு செலினுக்குக் கால் வீங்கியது. ஸ்கேன் அறைக்கு என்னை அழைத்து, அந்தப் படுக்கையில் தானே படுத்துக்கொண்டார். "நீங்களே அளங்க சார்."

இடது பக்கம் ஏழரை. புரண்டு படுக்கச் சொல்லி அளந்தேன், ஏழரை. மூச்சைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன், அதே ஏழரை. வலது அதைவிடச் சிறிது. நான்காவது முறை கருவியை வைத்தபோது என் கையைப் பிடித்தார்.

"போதும் சார். இந்தத் தடவை சரியாத்தான் அளந்திருக்கீங்க."

அதற்குப் பிறகும் எட்டு மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஊராருக்கு அளந்தார்.

நேற்று மாதா கோயிலில் அவருடைய பெட்டியருகே அஞ்சப்பன் நின்றிருந்தார். என் கையைப் பற்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "நல்லாப் பாத்தீங்களா சார்? என்னையப் பாத்த மாதிரி இல்லையே?"

"மூணு தடவை பாத்தேன் அஞ்சப்பன்" என்றேன்.

என் வாழ்நாளில் தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கிய அளவு அது ஒன்றுதான். போய் வாருங்கள், டாக்டரம்மா.