மூக்கம்மா திறந்த பழைய புட்டி

அந்த உணவகத்தில் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். பதினாறு வருஷமாக அங்கே ஒயின் பரிமாறுகிறாள். கோப்பையை ஒருமுறை மோந்தால் போதும், நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவாள். போன மழையில் வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் இறங்கியது. இறங்கும்போது மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. சோப்பும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றாகிப்போயின.

விஷயம் அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவன் அதே உணவகத்தின் சமையலறையில் ரொட்டி சுடுகிறவன். அவள் புட்டி திறக்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே வந்து, மோந்து, தலையாட்டிவிட்டுப் போவான்.

“என் மூக்கு இப்ப உன்னோடது. இனி தும்மணும்னாகூட உன்கிட்ட கேட்டுத்தான் தும்மணும் போல,” என்பான்.

ஒரு வியாழக்கிழமை அவன் பல் பிடுங்கப் போயிருந்தான். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம். ஜன்னலோர மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி, பட்டியலிலேயே பழைய நுரை ஒயினைக் கேட்டார். முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரே அறுவடையில் பறித்த வெள்ளைத் திராட்சையில் செய்தது. நிலவறையில் அது ஒன்றுதான் இருந்தது.

“யாராவது வரணுமாம்மா?”

“யாரும் இல்லை. பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறது என் வேலை. இடது காது போயிடுச்சு. கடைசி பியானோவைக் காலையில முடிச்சுட்டு நேரா இங்க வந்துட்டேன்.”

மூக்கம்மா புட்டியைப் பனிக்கட்டித் தண்ணீரில் குளிரவைத்தாள். தக்கைமேல் கட்டியிருந்த கம்பியைத் தளர்த்தி, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு புட்டியை மெல்லத் திருகினாள். தூக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் அது திறந்துகொண்டது. கொஞ்சம் ஊற்றினாள். வெயில் அதற்குள் இறங்கிப் பொன்னாய் நின்றது. இனி அவள் மோந்து சொல்லவேண்டும். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“அம்மா, எனக்கு எட்டு மாசமா வாசனை தெரியாது. நீங்கதான் மோந்து பார்க்கணும்.”

அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டார்.

“நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை அடிக்குதா? அடிச்சா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்,” என்றாள் மூக்கம்மா.

“இல்லையே. சுட்ட ரொட்டி. அப்புறம்… வெட்டி வச்சுட்டு மறந்துபோன ஆப்பிள்.”

“அப்ப நல்லாத்தான் இருக்கு.”

“நாக்கு வேலை செய்யுதில்ல? நீயும் குடி. உட்காரு.”

வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. அன்று உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். முதலில் குளிர்ச்சி; பிறகு மெல்லிய கோடாய் ஒரு புளிப்பு; நாக்கு நுனியில் ஊசிப்புள்ளிகளாய்க் குமிழ்கள்; கடைசியில் எங்கிருந்தோ கொஞ்சம் உப்பு. இத்தனை வருஷம் மூக்கு முந்திக்கொண்டதில் இதெல்லாம் கவனத்தில் படாமலே போயிருந்தது. பெண்மணி கோப்பையை வலது காதருகே வைத்துக் குமிழ் உடைவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் மேஜை விரிப்பில் மெல்ல நகர்ந்தது. எந்த அவசரமும் உலகத்தில் மிச்சமில்லாததுபோல் இருந்தது.

மறுநாள் காலை அவளே போய் மேலாளரிடம் உண்மையைச் சொன்னாள். மனுஷன் பேனாவைக் கீழே வைத்தார்.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே. மோந்து பார்க்க வேற ஆளைப் போடலாம். புட்டி திறக்க உன்னை மாதிரி கை எங்க கிடைக்கும்?”

இப்போது எந்த மேஜையிலும் கோப்பையை முதலில் விருந்தினர் கையில் கொடுத்து, “என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க,” என்று கேட்கிறாள். சிலர் கூச்சத்தில் சிரிக்கிறார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு, யாரிடமும் சொல்லாத வீட்டையோ தோட்டத்தையோ பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.